ஒரு சீரியல் இசையமைப்பாளரின் கணக்கு

2017 ஜூலை. ஜிஎஸ்டி வந்த முதல் மாதம். ஈரோட்டில் எங்கள் ஆபீஸ் படிக்கட்டு வரைக்கும் ஜவுளிக்காரர்கள் நின்றிருந்தார்கள். கையில் பில் புத்தகம், முகத்தில் கலவரம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, கீபோர்டு பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். தன் முறை வந்ததும் கேட்டார்: “ஏனுங்ணா, பாட்டுக்கும் ஜிஎஸ்டி கட்டோணுங்களா?”

இருபது வருடத்துக்கும் மேலாக வரிக் கணக்கு பார்க்கிறேன். மஞ்சள் மண்டி, சாயப்பட்டறை, போர்வெல் ரிக் வண்டி, கோழிப்பண்ணை எல்லாம் பார்த்தாயிற்று. இசையமைப்பாளர் கணக்கு எனக்கு அதுதான் முதல். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர் பெயர், சேனல் பெயர், கம்பெனி பெயர் எதுவும் இதில் வராது. இசை நன்றாக இருந்ததா என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் ஒரு ஆள் என்ன தொழில் செய்கிறார் என்பதை அவர் வாயைவிட அவருடைய பாஸ்புக் சரியாகச் சொல்லிவிடும். விசிட்டிங் கார்டில் ‘திரைப்பட இசையமைப்பாளர்’ என்று போட்டிருந்தார். பாஸ்புக்கில் சினிமாப் பணம் மொத்தம் ஐந்தாறு வரிதான் இருந்தது. மற்றதெல்லாம் சீரியல்.

அவர் கேள்விக்குப் பதில் சுலபம். இசையமைப்பாளர் தன் இசையின் உரிமையைத் தயாரிப்பாளருக்கோ இசைக் கம்பெனிக்கோ கொடுத்தால், அதற்கான வரியை வாங்குகிறவரே நேரடியாகக் கட்ட வேண்டும். ஆனால் அதே ஆள் தன் ஸ்டுடியோவை அடுத்தவருக்கு ரெக்கார்டிங்குக்கு வாடகைக்கு விட்டால் அது வேறு கணக்கு. அவருக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தொடாததால் அந்தக் கவலையும் இல்லை. ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பியிருக்கலாம். பழைய ரிட்டர்ன் எல்லாம் எங்கே என்று நான் கேட்டதுதான் வினை. “அதெல்லாம் போட்டதில்லைங்ணா” என்றார். சரி, உட்காருங்கள் என்றேன்.

குமாரபாளையமும் கோடம்பாக்கமும்

வீடு குமாரபாளையத்தில். நாலு பக்கமும் விசைத்தறி. தறிச் சத்தத்தில்தான் தாளம் கற்றுக்கொண்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அவரிடம் கேட்டேன், சிரித்துவிட்டார். “காது மந்தமாகாம தப்பிச்சதே பெருசுங்ணா.” தாளம் படித்தது மாரியம்மன் நோம்பியில். பங்குனி, சித்திரையில் கம்பம் நட்டு ஊரே சுற்றி ஆடும்போது பறை எந்த இடத்தில் வேகம் மாறும், ஆடுகிறவன் எப்போது களைப்பான், அடிக்கிறவன் அதை எப்படிக் கண்டுபிடித்து இறக்கி அடிப்பான் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே காதில் ஏறிவிட்டது. பிளஸ் டூ முடித்ததும் உள்ளூர் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு. 2007-ல் சென்னை.

ஒரு காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் இதற்காகச் சென்னை போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ். கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ. 1940களில் ஜூபிடர் பிக்சர்ஸ் கம்பெனியின் படங்கள் கோவையில்தான் உருவாயின. இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்ந்த பையன் எம்.எஸ். விஸ்வநாதன். அந்தப் பையன் போட்ட மெட்டுகள் நாயுடுவின் பெயரில் படத்தில் வந்தன. ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குக் கிளம்பியபோது, நாயுடுவே முதலாளி சோமசுந்தரத்திடம் போய், இவையெல்லாம் இவன் மெட்டு, இவனை உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார். எம்.எஸ்.வி. பிற்காலத்தில் நன்றியோடு பலமுறை சொன்ன கதை இது. வயதான நாயுடுவைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார் என்பது அதன் பின்பாதி.

நம்மவருக்கு அப்படி ஒரு நாயுடு வாய்க்கவில்லை. சென்னையில் மூன்று வருடம் ஒரு மூத்தவரிடம் சீரியலுக்குப் ‘புரோகிராமிங்’. அதாவது மெட்டு, பின்னணி எல்லாம் இவர் போடுவார், டைட்டிலில் பெயர் அவருடையது. சம்பளம் கவரில் வரும். பில் இல்லை, ரசீது இல்லை, பாங்கில் வரவு இல்லை. என் கணக்கில் அந்த மூன்று வருடமும் வெற்றுத்தாள்.

ஆனாலும் அவர் சீரியலை விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 1993-ல் சன் டிவி வந்து, 1999-ல் ‘சித்தி’யின் டைட்டில் பாட்டு வீட்டுக்கு வீடு கேட்டதில் இசையமைப்பாளர் தினாவின் பெயர் ஊருக்கே தெரிந்தது. ‘கிருஷ்ணதாசி’ சீரியலுக்கு இசையமைத்த இமான் 2002-ல் ‘தமிழன்’ படத்தில் விஜய்க்கே இசையமைத்தார். சின்னத்திரை ஒரு ஏணி, ஏறினால் சினிமா என்பது வெறும் கனவாக இருக்கவில்லை. ஏறிப் போனவர்கள் கண் முன்னால் இருந்தார்கள்.

கரண்ட் போன நேரத்து வயலின்

2011-ல் அவர் பெயரிலேயே முதல் சீரியல் கிடைத்தது. கிடைத்த நாலாவது மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம். ஊருக்குத் திரும்பியாக வேண்டிய நிலை. வேலையை விடாமல் வீட்டிலேயே ஒரு அறையைத் தெர்மாகோலும் பழைய ஜமக்காளமும் ஒட்டி ஸ்டுடியோ ஆக்கினார். பவானி ஜமக்காளத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஆனால் தறிச் சத்தம் ஜமக்காளத்துக்கு அடங்குமா? மைக்கை ஆன் செய்தால் புல்லாங்குழலுக்குப் பின்னால் பத்துத் தறி ஓடும்.

அவரைக் காப்பாற்றியது மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன நாட்கள் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தறிக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில், இவர் இன்வெர்ட்டரைப் போட்டு வயலின், புல்லாங்குழல், உடுக்கை எல்லாம் பதிவு செய்தார். ஊரே இருட்டில் இருக்க, இவர் அறையில் மட்டும் கம்ப்யூட்டர் வெளிச்சம். கரண்ட் வந்ததும் தறி ஓட ஆரம்பிக்கும், இவர் மைக்கை மூடிவிட்டு எடிட்டிங்கில் உட்காருவார். அன்றைக்கு எங்கள் பக்கத்திலேயே மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

இன்டர்நெட் வேகம் போதாது. முடித்ததைப் பென்டிரைவில் போட்டு, ராத்திரி ஈரோட்டில் இருந்து கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் தெரிந்தவர் யாராவது போனால் கொடுத்துவிடுவார். விடிந்தால் சென்னை. அவர் அப்பா தறிப் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர். எதையும் நோட்டில் எழுதி வைத்தே பழகியவர். வலது கை விழுந்த பிறகும் இடது கையால் ஒரு நோட்டில் தேதி போட்டு, பென்டிரைவ் யார் கையில் போனது, எத்தனை ‘பிட்டு’ (இசைத் துண்டு) என்று கோணல்மாணலாக எழுதி வைத்தார். இந்த நோட்டைப் பிறகு பார்ப்போம்.

சீரியல் பின்னணி இசை எப்படி உருவாகிறது என்று எனக்கு அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் உரிமைத் தகராறின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக கிட்டத்தட்ட 22 நிமிடத்துக்குப் படம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் வருடத்துக்கு 260 எபிசோடு. ஒவ்வொரு எபிசோடையும் பார்த்து இசையமைக்க யாராலும் முடியாது. எனவே முதலிலேயே ஒரு ‘பேங்க்’ கட்டிக் கொடுக்க வேண்டும். அவருடைய ஹார்ட் டிஸ்கில் ஃபோல்டர் பெயர்கள்: ‘அழுகை மெது’, ‘அழுகை பெரிசு’, ‘மாமியார் வருகை 2’, ‘ஷாக் 3’, ‘கோயில் மணியோடு’, ‘பால் பொங்கல்’. எடிட்டர் அதில் இருந்து எடுத்து ஒட்டிக்கொள்வார். கதை திரும்பினால் புதிதாகப் பத்து பிட்டு கேட்டு ராத்திரி போன் வரும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எதை எதோடு ஒட்டினாலும் முட்டக் கூடாது என்பதற்காக எல்லாப் பிட்டையும் ஒன்றோடொன்று பொருந்துகிற இரண்டே ஸ்ருதிகளில் போடுவார். ஒவ்வொன்றையும் 8 வினாடி, 20 வினாடி, ஒரு நிமிடம் என்று மூன்று அளவில் வெட்டிக் கொடுப்பார். எங்கே கத்தரித்தாலும் வலிக்காதபடி மெட்டை நீட்டாமல் கார்வையாக, அதாவது ஒரே ஸ்வரத்தில் நிறுத்தி, விடுவார். நல்ல மெட்டு போட்டால் எடிட்டர் திட்டுவாராம், பாதியில் வெட்ட முடியவில்லை என்று. ரெடிமேட் சட்டை மாதிரி, யார் போட்டாலும் சேரும்படி தைப்பது. திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியும்.

துளைக் கிணறு

2014-ல் படம் வந்தது. சின்னப் பட்ஜெட், நம் பக்கத்துக் கதை. சம்பளம் ‘பேக்கேஜ்’. அதாவது பாட்டு, பின்னணி இசை, பாடகர்கள், வாத்தியக்காரர்கள், ஸ்டுடியோ வாடகை, மிக்ஸிங் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. செலவு கூடினால் இசையமைப்பாளர் தலையில்.

முதல் இரண்டு ரீல் பார்த்துவிட்டு டைரக்டர் சொன்னது ஒரே வரி: “சீரியல் மாதிரி இருக்கு.” நம்மவர் வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். யார் திரும்பிப் பார்த்தாலும் இசை வந்தது. மூன்று வருடம் கை பழகியது அப்படி.

அந்தப் படத்தில் துளைக் கிணறு தோண்டுகிற காட்சி ஒன்று. திருச்செங்கோடு ரிக் வண்டி ராத்திரி முழுக்க ஓடுகிறது. 800 அடி, 900 அடி. தண்ணீர் வரவில்லை, வெறும் புகைதான் பறக்கிறது. விவசாயி தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். முதலில் உடுக்கை போட்டார். எடுத்தார். வயலின் போட்டார். அதையும் எடுத்தார். அப்புறம் ஷூட்டிங்கில் பதிவான கம்ப்ரசர் சத்தத்தைத் தனியாகக் கேட்டு, அது எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று கீபோர்டில் தேடிக் கண்டுபிடித்தார். அதே ஸ்வரத்தில், கேட்கிறவனுக்குத் தெரியாத அளவுக்கு அடங்கிய ஒரு செல்லோ. கம்ப்ரசரை நிறுத்துகிறார்கள், சத்தம் அடங்குகிறது, அப்போதுதான் அதற்குள் இவ்வளவு நேரம் செல்லோ இருந்தது தெரிகிறது. பத்து வினாடி. பிறகு அதுவும் இல்லை. எனக்கு அந்தக் காட்சியை லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். எனக்கு இசை தெரியாது என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் எங்கள் தோட்டத்தில் இரண்டு கிணறு புகைந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

படம் எந்தத் தியேட்டரிலும் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

போகட்டும், நான் சொல்ல வந்தது கணக்கு. பேக்கேஜில் இரண்டு ஓட்டை விழுந்தது. ஒன்று, அவருடைய சொந்தத் தவறு. டிவி வேலைக்கு நம் நாட்டில் நொடிக்கு 25 ஃபிரேம், சினிமாவுக்கு 24. பழக்கத்தில் ஒரு ரீலை 25-ல் திறந்துவிட்டார். 20 நிமிட ரீல் அவர் கம்ப்யூட்டரில் 19 நிமிடம் 12 வினாடிக்கு ஓடியது. அதற்கு அளவெடுத்து இசை போட்டு மிக்ஸிங்குக்குக் கொண்டுபோனால், ரீல் முடிகிற இடத்தில் 48 வினாடி வித்தியாசம். ஸ்டுடியோ கூடுதலாக இரண்டு நாள், இரண்டு நாள் வாடகையும் அவருடையது.

இரண்டாவது ஓட்டை சட்டப்படி விழுந்தது. பேக்கேஜ் தொகை முழுவதும் அவர் பான் நம்பரில் வரவு. அதில் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று வருமான வரிக்காக முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தொகையில் பெரும்பகுதி கால்ஷீட் கணக்கில் வாத்தியக்காரர்களுக்கும் ஸ்டுடியோவுக்கும் போனது. அவர்களுக்குக் கையில் ரொக்கம், ரசீது எதுவும் வாங்கவில்லை. காகிதத்தில் பார்த்தால் நல்ல வருமானக்காரர். உண்மையில் இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றக் கடன் வாங்கியிருந்தார். இரண்டாவது படத்துக்கும் இதே கதை; அது வெளியாகவே இல்லை.

அவர் பான் நம்பரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, 2011-ல் இருந்து வருடா வருடம் டிடிஎஸ் பிடித்தது வரிசையாக நின்றது. ரிட்டர்ன் போட்டிருந்தால் பாதிக்கு மேல் திரும்பி வந்திருக்கும். காலம் கடந்த வருடங்களுக்குத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி வருமான வரிச் சட்டத்தின் 119(2)(பி) பிரிவில் மனு போட்டோம். அப்போது ஆறு வருடம் வரை பின்னோக்கிப் போக வழி இருந்தது. சில வருடங்களுக்குக் கிடைத்தது. ஒரு வருடம் பிடித்த பணத்தைக் கம்பெனி வேறு பான் நம்பரில் கட்டியிருந்தது. அது போனது போனதுதான். அதற்குப் பிறகு 44ஏடிஏ பிரிவில், வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் வழியை யோசித்தோம். அதற்கான பட்டியலில் ‘திரைக் கலைஞர்’ உண்டு, அதில் இசையமைப்பாளரும் உண்டு. சீரியல் இசையமைப்பாளர் திரைக் கலைஞரா என்பதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் உண்டு என்கிற கட்சி.

2020: பழைய சீரியல் திரும்பி வந்தது

2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றது. சேனல்கள் பழைய சீரியல்களைத் தூசி தட்டி ஒளிபரப்பின. ஒருநாள் மத்தியானம் அவரிடம் இருந்து போன். “அண்ணா, என்ற சீரியல் ஓடுதுங்ணா. அம்மா கூப்பிட்டுக் காட்டுது.” குரலில் சந்தோஷம். கையில் வேலை ஒன்றும் இல்லை. விளம்பரம், குறும்படம் எல்லாம் நின்றுபோயிருந்தது. இதற்கு உனக்கு என்ன வரும் தம்பி என்று கேட்டேன். ஒன்றும் வராது என்றார். ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னேன். இரண்டு பக்கம். எல்லா உரிமையும், எல்லா ஊடகத்திலும், உலகம் முழுக்க, எப்போதைக்கும் என்று எழுதி, கீழே இவர் கையெழுத்து.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் இது ஒரு சாதாரணக் கதை. கோவையில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். அவர் சொன்னது இது. 1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது: மாற்று ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், பணம் கொடுத்துப் பாட்டு வாங்கிய படத் தயாரிப்பாளரே உரிமைக்காரர். முப்பத்தைந்து வருடம் அதுதான் நிலை. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தை, அதாவது காப்பிரைட் சட்டத்தை, திருத்தினார்கள். அந்த ஆண்டு ஜூன் 21-ல் அமலுக்கு வந்தது. படத்துக்குப் போட்ட இசை தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர வேறு எந்த வழியில் பயன்பட்டாலும், ராயல்டியில் இசையமைப்பாளருக்குச் சமபங்கு உண்டு. முக்கியமானது, அந்தப் பங்கை அவரே நினைத்தாலும் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும்தான் கொடுக்கலாம். வருமான வரியில் எங்களைத் திண்டாட வைத்த கேள்வி இங்கே இல்லை: காப்புரிமைச் சட்டத்தில் ‘திரைப்படம்’ என்றால் காட்சிப் பதிவு எதுவானாலும் சேரும், சீரியலும் அதில் அடங்கும்.

சரி, சீரியல் ஓடியது 2011-ல் இருந்து 2013 வரை. சட்டம் வந்தது நடுவில். திருத்தத்துக்கு முந்தைய இசைக்கு வாதாடுவது கஷ்டம், பிந்தையதற்கு வழி இருக்கிறது என்றார் வக்கீல். அப்படியானால் எந்தப் பிட்டு எப்போது போட்டது?

இங்கேதான் கணக்குப்பிள்ளைக்கு வேலை வந்தது. ஹார்ட் டிஸ்கில் 431 கோப்புகள். காப்பி செய்யும்போது ‘உருவாக்கிய தேதி’ மாறிவிடும். ‘கடைசியாக மாற்றிய தேதி’ பெரும்பாலும் அப்படியே நிற்கும். வரிசைப்படுத்தினோம். 2012 ஜூன் 21-க்குப் பிறகு 268. ஆனால் கம்ப்யூட்டர் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லுமே? அப்போது நினைவுக்கு வந்தது அப்பாவின் நோட்டு. 2012 செப்டம்பர் பக்கம்: ‘ஏற்காடு. மளிகைக்கடை பையன். 7 பிட்டு.’ கம்ப்யூட்டரில் அதற்கு முந்தின நாள் தேதியில் ஏழு கோப்புகள். பத்துப் பக்கம் ஒத்துப் பார்த்தோம். எட்டு அப்படியே சரியாக இருந்தது. ஒன்றில் எண்ணிக்கை ஒன்று குறைந்தது, இன்னொன்றை அவர் கையெழுத்தில் படிக்க முடியவில்லை. அதை எழுதியவர் அப்போது உயிரோடு இல்லை. என் தொழிலில் இதைவிட நல்ல பேரேட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

1969-ல் தொடங்கி, 2017-ல் மறுபடி முறைப்படி பதிவு பெற்ற, இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் அவரை உறுப்பினராக்கினோம். ஆனால் அங்கே போய், நான் இந்தச் சீரியலுக்கு இசை போட்டேன் என்றால் போதாது. எந்த எபிசோடில், எந்த நிமிடத்தில், எந்தப் பிட்டு, எத்தனை வினாடி, டைட்டிலா பின்னணியா என்ற பட்டியல் வேண்டும். அதைக் கியூ ஷீட் என்கிறார்கள். வெளிநாட்டில் தயாரிப்பாளரே தயாரித்துக் கொடுப்பது வழக்கம். நம் சீரியலில் பிட்டை ஒட்டியது எடிட்டர், அவருக்கே அடுத்த நாள் ஞாபகம் இருக்காது. பாட்டு போட்டவனுக்குப் பாட்டின் பெயராவது உண்டு. ‘அழுகை மெது’வுக்கு யார் பெயர் வைப்பார்கள்? இவருடைய தொழில் வாழ்க்கையில் பணம் நழுவிய இடம் எது என்று என்னைக் கேட்டால், தோற்ற இரண்டு படங்களைக் காட்ட மாட்டேன். யாரும் எழுதி வைக்காத இந்த வினாடிகளைத்தான் காட்டுவேன்.

கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. பதிலுக்குப் பழைய ஒப்பந்தத்தின் நகல் வந்தது. அந்த விஷயம் இன்னும் முடியவில்லை. சங்கத்தில் இருந்து வந்த முதல் வரவு ஒரு இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போதாது. ஆனால் 2021-ல் கிடைத்த புதிய சீரியலின் ஒப்பந்தத்தை நாங்கள் உட்கார்ந்து எழுதினோம். வாத்தியக்காரர், ஸ்டுடியோ செலவைக் கம்பெனியே நேரடியாகக் கொடுக்கும். இவருக்கு இசைக்கான தொகை மட்டும். மாதக் கடைசியில் எடிட்டர் கையெழுத்தோடு கியூ ஷீட். கம்பெனி முதலில் முனகியது. அப்புறம் ஒத்துக்கொண்டது, அவர்களுக்கும் கணக்கு சுலபம் என்பதால்.

பழைய சீரியலின் பட்டியல்தான் மலையாக நின்றது. அதற்கு ஆள் கிடைத்தது வீட்டிலேயே. அவர் அம்மா மத்தியானம் இரண்டரை மணிக்கு டிவி முன்னால் உட்காரும்போது, பக்கத்தில் கடிகாரமும், தினசரி காலண்டரில் கிழித்த பழைய தாள்களும் வைத்துக்கொள்வார். மகன் போட்ட எல்லாப் பிட்டையும் மின்வெட்டு ராத்திரிகளில் அடுத்த அறையில் படுத்துக் கேட்டவர். எது மகனுடையது, எது எடிட்டர் வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்று கேட்டவுடன் சொல்லிவிடுவார். போன மாதம் என் மேஜைக்கு வந்த கட்டில் மேலே இருந்த தாள் இது:

‘2.47 மருமக அழுவுது. நம்மது. 2.51 சாமி கும்புடறது. நம்மதில்ல. 2.53 மாமியா வர்றா. நம்மது. பாதியில வெட்டிட்டாங்க.’

தாளின் மறுபக்கம் அன்றைய தேதியும் ராகு காலமும் அச்சில் இருந்தன. தேதி இருக்கிறதே என்று இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் சேர்த்தேன்.